எடின்பரோ – கிளாஸ்கோ ரயில்: எந்தத் தடத்தில் ஏறுவது, எது காலை வாரிவிடும்?

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோவுக்குப் போகச் செயலியைத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏழெட்டு ரயில் காட்டுகிறது. ஒன்று 50 நிமிடம் என்கிறது, இன்னொன்று ஒன்றரை மணி நேரம் என்கிறது. சில கிளாஸ்கோவின் குயின் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் போகின்றன, சில சென்ட்ரல் நிலையத்துக்குப் போகின்றன. எதில் ஏறுவது, ஒரே டிக்கெட் எல்லாவற்றுக்கும் செல்லுமா, வழியில் கோளாறு என்றால் என்ன செய்வது?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடின்பரோவின் வேவர்லி நிலையத்திலோ ஹேமார்க்கெட் நிலையத்திலோ ஏறி, ஃபால்கர்க் ஹை வழியாகக் குயின் ஸ்ட்ரீட்டின் மேல்தளத்துக்குப் போகும் ரயிலைப் பிடியுங்கள். ஏறத்தாழ 76 கிலோமீட்டர், 50 நிமிடம். பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதும். அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதும், இந்தத் தடம் படுத்துக்கொள்ளும் நாளில் என்ன செய்வது என்பதும்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியவை.

இத்தனை தடம் எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1842இல் திறந்த எடின்பரோ – கிளாஸ்கோ ரயில்வேதான் இன்றைய விரைவுத் தடம். 1865இல் அதை நார்த் பிரிட்டிஷ் கம்பெனி எடுத்துக்கொண்டது. போட்டிக் கம்பெனியான கலிடோனியன் 1848இலேயே கார்ஸ்டேர்ஸ் வழியாக ஒரு சுற்றுவழி போட்டிருந்தது. 1869இல் ஷாட்ஸ் வழியாக நேர்வழி ஒன்றும் போட்டது. ஒரு கம்பெனிக்குக் குயின் ஸ்ட்ரீட், மற்றதற்குச் சென்ட்ரல். கம்பெனிகள் போய் நூறு வருடமாகிறது, நிலையங்கள் மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டன. இவற்றோடு பாத்கேட் – ஏர்ட்ரி தடம் ஒன்று. 1956இல் பயணிகள் சேவை நின்று, பிறகு தண்டவாளமே பெயர்க்கப்பட்டு, 2010 டிசம்பரில் மின்கம்பியோடு மறுபடி திறக்கப்பட்டது. ஆக, நாலு தடம்.

விரைவுத் தடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வேவர்லி, ஹேமார்க்கெட், லின்லித்கோ, போல்மண்ட், ஃபால்கர்க் ஹை, க்ராய், குயின் ஸ்ட்ரீட். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்காது. நடுவில் இரண்டு மூன்று நிறுத்தம் என்பதே வழக்கம். லின்லித்கோவிலோ க்ராயிலோ இறங்க வேண்டியவர்கள் அந்தக் குறிப்பிட்ட ரயில் அங்கே நிற்கிறதா என்று பலகையில் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வார நாள் பகலில் பெரும்பாலும் கால்மணிக்கு ஒரு ரயில், பின்மாலையிலும் ஞாயிறன்றும் அரைமணிக்கு ஒன்று. இருக்கை முன்பதிவு கிடையாது, இந்த ரயிலுக்கு இந்த டிக்கெட் என்ற கட்டுப்பாடும் கிடையாது. கண்ணெதிரே ஒன்று போய்விட்டால் ஓட வேண்டாம், அடுத்ததில் போகலாம். புறப்படும் நேரத்துக்கு அரை நிமிடம் முன்பே கதவு பூட்டிவிடும். 10.15 என்று போட்டிருந்தால் 10.14க்கு உள்ளே இருப்பதுதான் கணக்கு. கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். இது தெரியாமல் மூடிய கதவின் முன் நிற்பவர்களை எந்த நிலையத்திலும் பார்க்கலாம்.

ஓடுவது ஹிட்டாச்சியின் 385 வகை மின்ரயில். மூன்று பெட்டித் தொகுதி, நாலு பெட்டித் தொகுதி என இரண்டு அளவு. நெரிசல் நேரத்தில் இரண்டைக் கோத்து ஏழு எட்டுப் பெட்டியாக ஓட்டுவார்கள். தொகுதிகளின் முகப்பிலேயே இணைப்பு வழி இருப்பதால் கோத்த பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளேயே நடந்துபோய் இடம் தேடலாம். இந்த இணைப்பு வழிக்கு ஒரு கதை உண்டு. நடுவில் வாசலை வைத்ததால் ஓட்டுநரின் கண்ணாடி குறுகலாகி, அதையும் வளைவாகச் செய்துவிட்டார்கள். இரவில் ஒரு சிக்னல் இரண்டாகத் தெரிகிறது என்று ஓட்டுநர்கள் ஓட்ட மறுத்தார்கள். தட்டைக் கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகு, 2018 ஜூலையில்தான் வண்டி சேவைக்கு வந்தது. மின்கம்பி 2017 டிசம்பரிலேயே தயாராக இருந்ததால், நடுவில் வேறு தடத்து மின்ரயில்களை இரவல் வாங்கி ஓட்டினார்கள்.

மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தை இந்த வண்டி எட்டுவது என்ஜின் பலத்தால் மட்டுமல்ல, தடத்தின் பலத்தாலும்தான். பொறியாளர் ஜான் மில்லர் ஹேமார்க்கெட்டிலிருந்து கிளாஸ்கோவின் விளிம்பு வரை தண்டவாளத்தைக் கிட்டத்தட்டச் சமதளமாகவே கொண்டுபோனார். மேட்டைக் குடைந்தார், பள்ளத்தில் பாலம் கட்டினார். ஆல்மண்ட் ஆற்றின் மேல் 36 வளைவு, லின்லித்கோ தாண்டி ஏவன் ஆற்றின் மேல் 23 வளைவு. கட்டிய காலத்தில் ஊதாரித்தனமாகத் தெரிந்திருக்கும். இன்று அந்தச் செலவில்தான் ஒவ்வொரு ரயிலும் ஓடுகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் கணக்கு உதைத்தது. ஃபோர்த் – கிளைடு கால்வாயின் மேலே பாலம் கட்டிக் கடக்க நினைத்தார்கள், கால்வாய்க் கம்பெனி ஒப்பவில்லை. கால்வாய்க்கு அடியில் நுழைந்து நகருக்குள் இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் கௌலேர்ஸ் சரிவு நாற்பது அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்து. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மேலே நிலையான நீராவி எந்திரம் ஒன்றை வைத்து, கயிறு கட்டித்தான் ரயில்களை மேலே இழுத்தார்கள்.

பயணிக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், கிளாஸ்கோ நெருங்கியதும் எல்லோரும் எழுந்து கதவருகே போவார்கள், சரியாக அப்போதுதான் வண்டி சுரங்கத்துக்குள் சரிவில் இறங்கிப் பிரேக் பிடிக்கும். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சக்கரம் வைத்த பெட்டியை ஒரு கையால் நிறுத்திவையுங்கள். குயின் ஸ்ட்ரீட்டின் பின்பக்கத்தை அந்தச் சுரங்க வாய் அடைத்துக்கொண்டிருப்பதால் நடைமேடையைப் பின்னால் நீட்ட வழியில்லை. எட்டுப் பெட்டி ரயிலுக்கு இடம் வேண்டும் என்றபோது முன்னால் இருந்த கட்டடங்களை இடித்து, நிலையத்தையே ஜார்ஜ் சதுக்கத்தின் பக்கமாக நகர்த்தினார்கள். 2021இல் முடிந்த அந்தக் கண்ணாடி முகப்புதான் இப்போது நீங்கள் பார்ப்பது.

எந்தப் பக்கம் உட்காருவது? கிளாஸ்கோ போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். ஒரே விதிவிலக்கு வேவர்லியை விட்டதும் வரும் முதல் இரண்டு நிமிடம்: பிரின்சஸ் ஸ்ட்ரீட் பூங்காவின் நடுவே போகையில் கோட்டை இடப்பக்கம் பாறை மேல் நிற்கும். அதன் பிறகு காட்சியெல்லாம் வடக்கே. வின்ச்பர்க் அருகே செம்மண் நிறத்தில் மொட்டை மேடுகள் தெரிந்தால் அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. ஜேம்ஸ் யங் 1850களில் தொடங்கிவைத்த எண்ணெய்ப் பாறைத் தொழில் கக்கிப் போட்ட கழிவு. லின்லித்கோவில் ஏரியும் அதன் கரையில் கூரையில்லாத அரண்மனையும். ஸ்காட்லாந்து அரசி மேரி 1542 டிசம்பரில் பிறந்த இடம். போல்மண்ட் பக்கம் தொலைவில் கிரேஞ்ச்மவுத் ஆலைகளின் கோபுரங்கள், அதற்குப் பின்னால் ஓக்கில் குன்றுகள். க்ராய் வரும்போது கேம்சி மலைத்தொடர். க்ராய் குன்றின் மேல் ரோமானியரின் ஆன்டனைன் சுவர் ஓடுகிறது, ஆனால் ரயிலிலிருந்து அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் க்ராயில் இறங்கி நடக்க வேண்டும்.

இருக்கை விஷயத்தில் ஒரு தந்திரம். வேவர்லியில் ஏறினால் இடம் கிடைக்கும். மாலை நெரிசலில் ஹேமார்க்கெட்டில் ஏறினால் நின்றுகொண்டு போக நேரலாம், பக்கத்து மரிஃபீல்ட் மைதானத்தில் ரக்பி ஆட்டம் முடிந்த நேரமென்றால் நிற்பதே அதிர்ஷ்டம். உங்கள் அலுவலகம் ஹேமார்க்கெட் பக்கம் இருந்தாலும், எதிர்த்திசை ரயிலில் நாலு நிமிடம் வேவர்லிக்குப் போய் அங்கிருந்து உட்கார்ந்து வருபவர்கள் உண்டு. குயின் ஸ்ட்ரீட்டில் கூட்டம் நுழைவு வாயிலை ஒட்டிய பெட்டிகளில்தான் அடைந்துகொள்ளும். நடைமேடையில் சுரங்கத்தின் பக்கமாகக் கடைசி வரை நடந்தால் காலியான பெட்டி கிடைக்கும்.

அடுத்து பாத்கேட் தடம். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்த ரயில்கள் கிளாஸ்கோவில் முடிவதில்லை. நகரத்துக்கு அடியில் புகுந்து மேற்கே ஹெலன்ஸ்பரோ சென்ட்ரலுக்கோ மல்கைக்கோ போய்விடும். அதனால் வேவர்லி பலகையில் கடைசி நிலையமாகக் கிளாஸ்கோ என்று இருக்காது. ‘சென்ட்ரல்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் என்று நினைத்து ஏறுவதும் நடக்கிறது. குயின் ஸ்ட்ரீட்டில் இவை கீழ்த்தளத்தில் நிற்கும். நடைமேடை எண்ணே அடையாளம்: 1 முதல் 7 வரை மேல்தளம், 8உம் 9உம் கீழ்த்தளம். கிளாஸ்கோவிலிருந்து திரும்பும்போது பலகையில் ‘எடின்பரோ, நடைமேடை 8’ அல்லது ‘9’ என்று கண்டால் அது பாத்கேட் சுற்று. நாலு நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறதே என்று இறங்கி ஓடினால் இருபது நிமிடம் பின்னதாகத்தான் போய்ச் சேருவீர்கள். நிறுத்தங்கள் நிறைய, மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

ஆனால் முன்பு சொன்ன பத்தாவது ஆளுக்கு இதுதான் சரியான ரயில். கிளாஸ்கோவின் மேற்குப் பகுதிக்கு, அதாவது பார்ட்டிக், ஹிண்ட்லண்ட் பக்கம் போகிறவர்கள் ஏறிய இடத்திலிருந்து இறங்கும் இடம் வரை மாறாமல் போகலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விரைவு ரயிலில் 50 நிமிடம், குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து நகரும் நடைபாதை வழியாக பியூக்கானன் ஸ்ட்ரீட் சுரங்க ரயிலுக்கு ஐந்து நிமிடம், வட்டமாக ஓடும் அந்த ரயிலின் உள்வட்டத்தில் ஏறி நாலாவது நிறுத்தமான ஹில்ஹெட்டுக்குக் காத்திருப்போடு பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாத்கேட் ரயிலில் நேராகப் பார்ட்டிக் போனால் இதைவிடப் பத்து நிமிடம்தான் கூடுதல். கையில் இரண்டு பெரிய பெட்டிகளோடு முதல்முறை விடுதிக்குப் போகும் மாணவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஞாயிறென்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன், அன்று சுரங்க ரயிலின் நேரம் குறைவு. ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்துக்கும் கிளாஸ்கோ பேராலயத்துக்கும் குயின் ஸ்ட்ரீட்டுக்கு முந்தைய நிலையமான ஹை ஸ்ட்ரீட் வசதி.

எடின்பரோ விமான நிலையத்தில் இறங்கி நேரே கிளாஸ்கோ போகிறவர்களும் இந்தத் தடத்தை நினைவில் வைக்கலாம். விமான நிலையத்திலிருந்து டிராம், எடின்பரோ பார்க் நிலையத்தில் இறங்கினால் பாத்கேட் ரயில் அங்கேயே நிற்கும். விரைவு ரயில்தான் வேண்டுமென்றால் டிராமில் ஹேமார்க்கெட் வரை போக வேண்டும், அதற்காக வேவர்லி வரை போகத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாஸ்கோவுக்கு நேரடிப் பேருந்தும் உண்டு. பெட்டி அதிகமென்றால் அதுவே மேல்.

ஷாட்ஸ் தடம் கிளாஸ்கோ சென்ட்ரலுக்குப் போவது. விரைவாகப் போவது ஒன்றேகால் மணிக்குள், எல்லா நிலையத்திலும் நிற்பது ஒன்றரை மணிக்கு. வழியில் உள்ள ப்ரீக் என்ற நிலையத்தில் ஏறி இறங்குவோர் ஆண்டு முழுக்கச் சேர்த்தே நூற்றுச் சொச்சம்தான் என்று கணக்கு வந்து, அதை மூடிவிடலாம் என்ற பேச்சு 2017இல் எழுந்தது. கடைசியில் மூடாமல் புதுப்பித்துக் கட்டினார்கள். 2019இல் தடம் முழுக்க மின்மயமானது. ஏர், லார்க்ஸ், பிரெஸ்ட்விக் விமான நிலையம் என்று சென்ட்ரலிலிருந்து வண்டி மாற வேண்டியவர்கள் ‘நேரே சென்ட்ரலுக்கே போய்விடலாமே’ என்று இதில் ஏறுவார்கள். அது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. குயின் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பியூக்கானன் ஸ்ட்ரீட்டைப் பிடித்து கார்டன் ஸ்ட்ரீட்டில் திரும்பினால் எட்டுப் பத்து நிமிட நடையில் சென்ட்ரல். அப்படியும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மிச்சம். நடக்க முடியாதவர்கள், மழையில் குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், லிவிங்ஸ்டன் சவுத், வெஸ்ட் கால்டர், பெல்ஷில் பக்கத்து ஆட்கள் ஆகியோருக்குத்தான் ஷாட்ஸ்.

கார்ஸ்டேர்ஸ் வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாளைக்குச் சில ரயில்கள், மதர்வெல்லில் நிற்கும், சென்ட்ரல் போய்ச் சேரும். நேரம் பொருந்தினால் ஏறலாம்.

பெயர்க் குழப்பம் இன்னும் இரண்டு. ஃபால்கர்க்கில் இரண்டு நிலையம்: ஹை மேட்டில், விரைவுத் தடத்தில், கிரேம்ஸ்டன் கீழே கடைத்தெருவை ஒட்டி, கம்பர்நால்ட், ஸ்டிர்லிங் பக்கத்து ரயில்களுக்கு. லிவிங்ஸ்டனிலும் இரண்டு: நார்த் பாத்கேட் தடத்தில், சவுத் ஷாட்ஸ் தடத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயில் கிடையாது. நண்பர் “லிவிங்ஸ்டன் வாங்க” என்று மட்டும் சொன்னால், எந்த லிவிங்ஸ்டன் என்று கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். எடின்பரோ – கிளாஸ்கோ சாதாரண டிக்கெட் கிளாஸ்கோவின் இரண்டு நிலையங்களையும் சேர்த்தே தரப்படுகிறது. வழி என்ற இடத்தில் ‘எனி பெர்மிட்டட்’ (அனுமதித்த எந்த வழியும்) என்றிருந்தால் குயின் ஸ்ட்ரீட் வழியாகப் போய், சென்ட்ரலில் ஏறி ஷாட்ஸ் வழியாகத் திரும்பலாம். நெடுந்தூரக் கம்பெனிகள் முன்கூட்டி விற்கும் மலிவு டிக்கெட் மட்டும் அதில் குறித்த ரயிலுக்கே செல்லும்.

விலையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகளை நம்ப வேண்டாம். காலை 9.15க்கு முன் ஏறினால் இருமடங்கு, மாலையில் இத்தனை மணி வரை காத்திரு என்பதெல்லாம் போன கதை. 2023 அக்டோபரிலிருந்து ஓராண்டு சோதனையாக நெரிசல் நேரக் கட்டணத்தை நீக்கினார்கள், பிறகு மறுபடி கொண்டுவந்தார்கள், 2025 செப்டம்பர் 1 முதல் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். போய்வர 32.60 பவுண்டு ஆகிக்கொண்டிருந்த நெரிசல் நேரப் பயணம் அன்று 16.80க்கு இறங்கியது. ஒரே நாளில் திரும்புவதானால் ஒருவழி டிக்கெட் இரண்டு வாங்காதீர்கள். ஒருவழிக்கும் போய்வரும் டிக்கெட்டுக்கும் விலை வித்தியாசம் பல நேரம் மிகச் சொற்பம். ரெயில்கார்டு என்ற சலுகை அட்டை வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், 5 முதல் 15 வரை பாதி. டிக்கெட்டை ஏறும் முன் வாங்கிவிட வேண்டும். எந்திரமும் கவுண்ட்டரும் உள்ள நிலையத்தில் வாங்காமல் ஏறிவிட்டு உள்ளே நடத்துநரிடம் கேட்டால் சலுகை எதுவும் கிடைக்காமல் முழுக் கட்டணம் கட்ட நேரும். செயலியில் வாங்கியவர்கள் டிக்கெட்டைப் புறப்படும் முன்பே திறந்து வையுங்கள். ரயிலுக்குள் சோதனை ஒருபுறம் இருக்க, இரு முனையிலும் தானியங்கி வாயில் உண்டு. வாயிலின் முன் நின்று பேட்டரி தீர்ந்த கைபேசியைத் தட்டுவது தர்மசங்கடம்.

போகிற வழியில் லின்லித்கோவில் இறங்கி அரண்மனையைப் பார்த்துவிட்டு, அதே நாளில் அதே டிக்கெட்டில் பயணத்தைத் தொடரலாம். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இந்த 16.80க்கு இதைவிட நல்ல பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி கோளாறு. மின்கம்பி அறுவது, சிக்னல் பழுது, புயலில் மரம் விழுவது, கனமழையில் வேகத்தைக் குறைப்பது, இலையுதிர்காலத்தில் தண்டவாளத்தில் ஒட்டிய இலைக்கூழால் சக்கரம் வழுக்குவது: இவையே வழக்கமான காரணங்கள். எப்போதாவது பெரிதாகவும் நடக்கும். 2020 ஆகஸ்ட் 12 பெருமழையில் போல்மண்டுக்குக் கிழக்கே யூனியன் கால்வாயின் கரை 30 மீட்டர் நீளத்துக்கு உடைந்து, தண்ணீர் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையே அரித்துக்கொண்டு போனது. விரைவுத் தடம் திறக்க ஐந்தாறு வாரமாயிற்று. 2016இல் குயின் ஸ்ட்ரீட் சுரங்கத்தின் தளத்தைப் பெயர்த்துப் போட 20 வாரம் மேல்தளத்தை மூடினார்கள். இரண்டு முறையும் ஊர் ஸ்தம்பிக்கவில்லை, மற்றத் தடங்கள் தாங்கின.

கோளாறு என்ற அறிவிப்பு வந்ததும் கேட்க வேண்டியது ‘எப்போது சரியாகும்’ என்பதல்ல, ‘எந்த இடத்தில்’ என்பதுதான். இடம் தெரிந்தால் விடை கையில் இருக்கிறது. லின்லித்கோ, போல்மண்ட், ஃபால்கர்க் ஹை, க்ராய், கௌலேர்ஸ், குயின் ஸ்ட்ரீட் மேல்தளம் என்றால் பாத்கேட் ரயிலில் ஏறிவிடுங்கள். அது நியூபிரிட்ஜ் சந்திப்பிலேயே பிரிந்துவிடுகிறது, கிளாஸ்கோவில் நுழையும் சுரங்கமும் வேறு. போல்மண்டுக்கு மேற்கே மட்டும் அடைப்பு என்றால் விரைவு ரயிலையே கிரேம்ஸ்டன், கம்பர்நால்ட் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அப்போது ஃபால்கர்க் ஹை, க்ராய் நிறுத்தம் இருக்காது. எடின்பரோ பார்க்குக்கும் நியூபிரிட்ஜுக்கும் இடையில் என்றால் விரைவுத் தடம், பாத்கேட் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். அந்நேரம் ஷாட்ஸ்தான் கை கொடுக்கும்; ஹேமார்க்கெட்டைத் தாண்டியதுமே அது தனியாகப் பிரிந்துவிடுவதால் தப்பிக்கிறது. சாதாரண நாளில் நான் வேண்டாம் என்று சொன்ன அதே ரயில்.

எல்லாத் தடமும் ஒன்றாகச் செல்வது வேவர்லிக்கும் ஹேமார்க்கெட்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஒன்றரை இரண்டு கிலோமீட்டரில். அங்கே கோளாறு என்றால் வேவர்லியில் நின்று பலகையை அண்ணாந்து பார்ப்பதில் பயனில்லை. பிரின்சஸ் ஸ்ட்ரீட்டுக்கு ஏறி டிராமைப் பிடித்து ஹேமார்க்கெட்டுக்கோ எடின்பரோ பார்க்குக்கோ போய்ப் பாருங்கள். மேற்கிலிருந்து வந்த ரயில்களை அங்கேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. ஹேமார்க்கெட்டும் அடைபட்டிருந்தால் ரயிலை மறந்துவிட்டுப் பேருந்து.

தாமதமானால் பணத்தைக் கேட்டு வாங்குங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். அரைமணி முதல் 59 நிமிடம் வரை பிந்திச் சேர்ந்தால் அந்த ஒருவழிக் கட்டணத்தில் பாதி, ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் முழுதும். 28 நாளுக்குள் ரயிலை ஓட்டும் நிறுவனத்தின் இணையதளத்தில் கேட்க வேண்டும். எந்த ரயிலில் ஏறத் திட்டமிட்டீர்கள், உண்மையில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், டிக்கெட்டின் படத்தையும் எடுத்து வையுங்கள். வாயிலில் காகித டிக்கெட்டை எந்திரம் விழுங்கிவிட்டால் சான்று போயிற்று.

வார இறுதிப் பராமரிப்பு வேலைகளைக் கிளம்பும் முந்தைய இரவு பாருங்கள். ஞாயிறு காலையில் ரயிலுக்குப் பதில் பேருந்து என்பது அபூர்வமல்ல. டிசம்பர் 25 அன்று ரயிலே கிடையாது. ஆகஸ்ட் மாதத்தில் எடின்பரோ விழாக் காலம், வருடப்பிறப்பு இரவு, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் கால்பந்து மைதானத்தில் பெரிய ஆட்டம் என்றால் ஒரு ரயில் விட்டு அடுத்ததில் ஏறும் அளவுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி விரைவு ரயில் இரு முனையிலிருந்தும் இரவு பதினொன்றரை வாக்கில் போய்விடும். அதன் பிறகும் சிட்டிலிங்க் கம்பெனியின் 900ஆம் எண் பேருந்து இரவு முழுக்க ஓடுகிறது: எடின்பரோ பேருந்து நிலையத்திலிருந்து கிளாஸ்கோ பியூக்கானன் பேருந்து நிலையம், ஒன்றேகால் மணிச் சுமார். ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு, அதற்கான அட்டை இருந்தால், இந்தப் பேருந்து இலவசம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் அப்படியே. கல்லூரி சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டால், அவசரமில்லாத நாட்களில் ரயில் கட்டணமே மிச்சம்.